அட்டாலி நிறைய அண்டா: குடும்பத்தோடு இருக்கும் வீட்டில் மினிமலிசம் நடக்குமா?

குகைப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சேலம் குகைப் பகுதியில் மாமனார் காலத்து ஓட்டு வீட்டில் இருக்கிறோம். தை பிறந்ததும் அழகாபுரம் பக்கம் இரண்டு பெட்ரூம் வாடகை வீட்டுக்கு மாறுகிறோம். நான், வீட்டுக்காரர், அத்தை (என் மாமியார்), மூன்றாவது படிக்கும் பையன், அவ்வளவுதான் ஆட்கள். ஆனால் சாமான் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஆகும். இந்த மாற்றத்தோடு மாற்றமாக வீட்டில் இருப்பதைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும் என்று ஆசை.

யூடியூபில் மினிமலிசம் வீடியோ நிறைய பார்த்துவிட்டேன். வெள்ளைச் சுவர், மூலையில் ஒரு செடி, ஹாலில் ஒரே ஒரு நாற்காலி, அலமாரியில் எண்ணிப் பத்து சட்டை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர்கள் வீட்டுக்கு ஆடிப் பண்டிகைக்கு யாரும் வர மாட்டார்கள் போலிருக்கிறது. எங்களுக்குக் கோட்டை மாரியம்மன் பண்டிகை என்றால் நாத்தனார் இரண்டு பேரும் பிள்ளைகளோடு வந்து தங்குவார்கள். பாய், தலையணை, தட்டு, டம்ளர் எல்லாம் வேண்டும். குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை, அதனால் டிரம்மும் குடமும் வேண்டும். ஒரே ஒரு பக்கெட் போதும் என்று அந்த வீடியோவில் ஒருவர் சொன்னபோது அத்தை எழுந்து போய்விட்டார்கள்.

அட்டாலியில், அதாவது பரணில், இருப்பதைச் சொல்கிறேன். அத்தைக்குச் சீராக வந்த பித்தளை அண்டா, தவலை, குண்டான். எனக்குச் சீராக வந்த எவர்சில்வர் போசிகள், அன்னக்கூடை, ஒன்றுக்குள் ஒன்றாகச் சம்படங்கள். ரேஷன் கார்டுக்குக் கிடைத்த மிக்சியும் கிரைண்டரும், அது போக நாங்கள் வாங்கிய மிக்சி ஒன்று. 2006க்கு அப்புறம் கொடுத்தார்களே கலர் டிவி, அதுவும் சாக்குப் போட்டுக் கட்டி மேலேதான் இருக்கிறது. ஒரு மூட்டை முழுக்கத் தாம்பூலப் பைகள், எல்லாவற்றிலும் யாரோ ஒரு மணமக்களின் பெயர். பழைய செருப்புப் பெட்டிகளில் நிறைய பில், சீட்டு, ரசீது.

எதைத் தொட்டாலும் "அது இருக்கட்டும், தேவைப்படும்" என்கிறார்கள் அத்தை. சண்டை போட விருப்பமில்லை, அவர்கள் மேல் எனக்கு நல்ல மரியாதை உண்டு. இப்படிக் கூட்டுக் குடும்பத்தில் யாராவது குறைத்திருக்கிறீர்களா? எங்கே ஆரம்பித்தீர்கள்? சேலத்தில் இதையெல்லாம் என்ன செய்வது?

—

செவ்வாய்ப்பேட்டை அக்கா எழுதியது:

பாத்திரத்திலிருந்து ஆரம்பி கண்ணு, ஆனால் நீ தனியாக ஆரம்பிக்காதே. அத்தை மத்தியானம் தூங்கும்போது அட்டாலியில் ஏறுகிற வேலையே வேண்டாம். உன் துணி, உன் பொருள், உன் பையன் பொருளில் உனக்கு எவ்வளவு வேண்டுமானாலும் உரிமை உண்டு. அத்தையின் அண்டாவில் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, துடைத்து, அவர்கள் முன்னால் வை. நிச்சயம் பெயர் வெட்டியிருக்கும். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டின எழுத்து, புளி போட்டுத் தேய்த்தால்தான் தெரியும். இன்னார் அன்பளிப்பு, தேதி, சில சமயம் ஊர் பெயர்கூட இருக்கும். அதை நீயே சத்தமாகப் படி. யார் கொடுத்தது, எந்தக் கல்யாணத்தில், அன்றைக்கு என்ன சண்டை நடந்தது எல்லாம் வெளியே வரும். பேசிக்கொண்டே இருக்கும்போது அவர்களே பிரித்துவிடுவார்கள் பார். எங்கள் வீட்டில் என் மாமியார் ஒரு குண்டானை எடுத்து, "இவள் எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கொடுத்தது இந்தத் தகரம், போடு அந்தப் பக்கம்" என்றார்கள். நான் வாயே திறக்கவில்லை. அவர்கள் அம்மா பெயர் வெட்டின ஒரு தவலை மட்டும் மடியை விட்டு இறங்கவில்லை. அது இப்போது வரை எங்கள் சமையலறையில் அரிசி போட்டு வைக்கும் பாத்திரம். அட்டாலியில் கிடந்ததைவிட அதற்கு மரியாதை இப்போதுதான்.

இனி கணக்குக்கு வருவோம். பித்தளை எப்போதும் விலை போகும், எடைக்கு எடை நல்ல பணம். எவர்சில்வருக்குப் பழைய விலை ரொம்பக் கம்மி, மனசு சங்கடப்படும், அதனால் அதை விற்காமல் தேவைப்படுகிற வீட்டுக்குக் கொடுப்பதுதான் நல்லது. புதிதாகக் குடித்தனம் போகிறவர்கள் யாராவது சொந்தத்தில் இருப்பார்கள். பித்தளையை விற்பதாக இருந்தால் வீட்டிலேயே எடை போட்டு எழுதிக்கொண்டு போ, இரண்டு கடையில் விலை கேள். வாசலுக்கு வரும் வண்டிக்காரரிடம் அவசரப்பட்டுக் கொடுக்காதே. "பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கிக்கோங்க" என்று பாத்திரக்கடையில் சொல்வார்கள். கிலோ கணக்கில் உள்ளே கொண்டுபோய்க் கிலோ கணக்கில் திரும்ப எடுத்துக்கொண்டு வருவாய். காசாகக் கொடுங்கள் என்று மட்டும் சொல், விலை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

வைத்துக்கொள்கிற பித்தளையில் சமைக்கப் போகிறாய் என்றால் வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். உள்ளே ஈயம் தேய்ந்த பாத்திரத்தில் புளிக்குழம்பும் மோரும் வைக்கவே கூடாது, பச்சை பிடித்துவிடும். இப்போதெல்லாம் ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவது அபூர்வம், பாத்திரக்கடையில் விசாரிக்க வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாம் என்றால் அரிசி, பருப்பு போட்டு வைக்க மட்டும் வைத்துக்கொள்.

பெரிய அண்டாவுக்கு அத்தை சொல்லும் காரணம் "விசேஷத்துக்கு ஆகும்" என்பதுதானே? இன்றைக்கு யார் வீட்டு விசேஷத்தில் வீட்டு அண்டா அடுப்பில் ஏறுகிறது? சமையல்காரரே பாத்திரத்தோடு வருகிறார், இல்லையென்றால் வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது. கரண்டி முதல் கொப்பரை வரை நாள் வாடகைக்குக் கிடைக்கும், நாம் கழுவக்கூட வேண்டாம். இதை நீ சொல்லாதே, உன் நாத்தனார் வாயால் சொல்லச் சொல்.

பாய், தலையணை, தண்ணீர் டிரம் இதிலெல்லாம் கை வைக்காதே. உன் கேள்வியிலேயே நீ சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்.

—

கணக்குப்புலி எழுதியது:

எனக்கு இந்த மினிமலிசம் பேச்சே கொஞ்சம் எரிச்சல். தூக்கிப் போடுவது யாருக்குச் சுலபம்? நாளைக்குத் தேவைப்பட்டால் திரும்ப வாங்கிக்கொள்ள முடிகிறவர்களுக்கு. எங்கள் அப்பா மில் தொழிலாளி. பழைய ஸ்க்ரூ, ஒயர், உடைந்த சைக்கிளின் பெடல் என்று எல்லாவற்றையும் டின்னில் போட்டு வைப்பார். அந்த டின்னிலிருந்துதான் எங்கள் வீட்டு ஃபேனும் பம்ப்செட்டும் ஓடின. வேண்டாததைச் சேர்க்கிற பழக்கம் என்று அதைச் சொல்வது நியாயமில்லை, கையில் காசில்லாத வீட்டுக்கு அதுதான் சேமிப்பு.

இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. எங்கள் அபார்ட்மென்டில் ஒருவர் மினிமலிசத்துக்கு மாறுகிறேன் என்று இருந்த டப்பாவையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒரே அளவில் கண்ணாடி ஜாடிகள், மூங்கில் மூடி, லேபிள் ஒட்டும் மெஷின் எல்லாம் ஆன்லைனில் வாங்கினார். பார்சல் அட்டைப் பெட்டியே பால்கனி முழுக்க. அந்த வீட்டுக் கடுகு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தபோது என்ன குறை?

குகைப்பொண்ணு, நீங்கள் வாடகை வீட்டுக்குப் போவதால் இடம் இல்லை, அதனால் குறைக்கிறீர்கள். அது நியாயமான காரணம், அதோடு நிறுத்துங்கள். மிக்சி இரண்டு இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கொடுங்கள். 2011இல் ஆரம்பித்துக் கொடுத்த மிக்சி, கிரைண்டர் பல வீடுகளில் இன்னும் பெட்டி பிரிக்காமலே இருக்கிறது. ரொம்ப நாள் ஓடாமல் கிடந்த மோட்டாரை அப்படியே பிளக்கில் சொருகாமல் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். டிவியைப் பற்றிப் பிறகு யாராவது சொல்வார்கள்.

—

இருபதாம் வளைவு எழுதியது:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு மினிமலிசத்தை யூடியூப் சொல்லித் தரவில்லை, பூஞ்சை சொல்லித் தந்தது.

ஜூனில் மழை ஆரம்பித்தால் நவம்பர் வரை வீட்டுக்குள் ஈரம் இறங்காது. சேலத்துக்காரர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கீழே உங்களுக்கு வெயிலில் பெயின்ட் உரியும், இங்கே அலமாரியின் பின்பலகையில் பச்சையாக ஒரு படலம் ஏறும். தோல் பெல்ட்டையும் ஷூவையும் ஒரு மாதம் தொடாமல் வைத்தால் வெள்ளைப் பஞ்சு படிந்திருக்கும். புத்தகத்தில் பக்கம் ஒட்டிக்கொள்ளும், துணி மடிப்பில் ஒரு முடை வாசம் வரும். எது தினமும் கையில் படுகிறதோ அதற்கு ஒன்றும் ஆகாது. எது சும்மா கிடக்கிறதோ அதுதான் கெட்டுப்போகும். அதனால் இந்த ஊரில் ஒரு பொருளை வைத்துக்கொள்வது என்றாலே மாதம் ஒருமுறை அதை எடுத்து, துடைத்து, வெயில் வந்த அன்றைக்கு வெளியே போட்டுத் திரும்ப வைக்கிற வேலையும் சேர்த்துத்தான். இத்தனை வேலைக்கு இது தகுமா என்று கேட்டால் பாதிப் பொருளுக்குப் பதில் உடனே வந்துவிடும்.

நான் எஸ்டேட் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன், குவார்ட்டர்ஸ் சின்னது. ஒரு ஆளுக்கு ஸ்வெட்டர் இரண்டு, கம்பளி ஒன்று, மழைக்கோட்டு ஒன்று. துணி காயாத ஊரில் துணி நிறைய வேண்டும் என்று எல்லாரும் நினைப்பார்கள், நானும் என் மனைவியும் நேர்மாறாகச் செய்தோம். சீக்கிரம் காய்கிற துணியாகப் பார்த்துக் குறைவாக வைத்துக்கொண்டோம். ஜீன்ஸ் முழுவதும் வெளியே போய்விட்டது, மழைக்காலத்தில் அது காய்வதற்குள் அடுத்த சம்பளம் வந்துவிடும். மர பீரோவைச் சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு கை நுழைகிற இடைவெளி விட்டோம், உள்ளே திணிக்காமல் காற்றுப் போக இடம் விட்டோம். பீரோவில் காலி இடம் இருந்தால் எங்கள் ஊரில் அது அழகுக்கு இல்லை, அவசியம்.

அப்புறம் இன்னொரு விஷயம். எல்லாமே இருபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் இங்கே வர வேண்டும். நாங்கள் மாதம் ஒருமுறை சேலம் லீ பஜார் போய் மளிகை எடுத்து வருவோம், பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறவனுக்குத் தேவையில்லாத ஒரு பாக்கெட்கூடக் கனமாகத் தெரியும். வேண்டாம் என்று ஆனதை வெளியே தள்ளுவதும் இங்கே லேசில்லை. குப்பையை வெளியே வைத்தால் குரங்கு பிரித்துப் போட்டுவிடும், பிளாஸ்டிக் எல்லாம் காப்பிச் செடிக்கு நடுவே பறக்கும், காட்டெருமை வந்து மோந்து பார்க்கும். கடையில் ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போதே, இது உடைந்தால் எங்கே போடுவது என்ற கேள்வி எங்களுக்கு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். மே மாதக் கோடை விழாவுக்கு வரும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பை நிறைய கொண்டு வருவார்கள், அவர்களிடம் மினிமலிசம் பேசாதீர்கள். வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் கிளம்பும்போது மிளகும் காப்பித்தூளும் கொடுத்து அனுப்புங்கள்.

—

தறிக்காரர் மகள் எழுதியது:

யாரும் பட்டுப்புடவை பற்றிச் சொல்லவில்லையே. எங்கள் வீடு அம்மாபேட்டை, அப்பா வெண்பட்டு வேட்டி நெய்தவர். எங்கள் வீட்டில் முன்கட்டு முழுக்கத் தறிதான், மனிதர்களுக்குப் பின்கட்டு. ஆளுக்கு ஒரு டிரங்குப் பெட்டிக்கு மேல் கிடையாது, இடம் இருந்தால்தானே.

பட்டை விற்க வேண்டாம், உடனே முடிவெடுக்கவும் வேண்டாம். "பழைய பட்டுப்புடவை, சரிகை வாங்கறோம்" என்று வருகிறவர்கள் சரிகைக்கு மட்டும் ஒரு விலை போடுவார்கள், அதில் அசல் வெள்ளி சரிகையா இல்லையா என்பது நமக்குத் தெரியாவிட்டால் அவர்கள் சொன்னதுதான் விலை. அத்தையின் கல்யாணப் புடவை என்றால் சோதித்துப் பார்க்காமல் கொடுக்கவே கூடாது.

வைத்துக்கொள்வதைச் சரியாக வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், பட்டுக்கு மூச்சு முட்டும். பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றி மடியுங்கள், ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே சரிகையும் துணியும் விட்டுப்போகும். ரசக் கற்பூர உருண்டை சரிகையில் படக் கூடாது. இத்தனையும் எத்தனை புடவைக்குச் செய்ய முடியுமோ அத்தனை புடவை போதும். மீதியைக் கட்டிக்கொள்ளும் பெண்களுக்கு, நல்ல நிலையில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். இற்றுப்போன பிறகு கொடுத்தால் வாங்குகிறவர்களுக்குச் சங்கடம்.

சாதா புடவை, சட்டை எல்லாம் துவைத்துத் தேய்த்து மடித்துக் கொடுங்கள். கிழிந்ததைத் தானம் என்று தள்ளிவிடாதீர்கள், அது கால்மிதிக்கும் கரித்துணிக்கும்தான். கோடையில் ஜவ்வரிசி வடாம் பிழிய ஒரு பழைய வேட்டி போதும், அதற்கென்று ஒரு மூட்டை எடுத்து வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

—

குகைப்பொண்ணு எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். நான் படித்தேன், அத்தை கதை சொன்னார்கள், பையன் வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டான். மாமனாரின் தங்கை கொடுத்த குண்டானுக்கு என் மாமியார் சொன்ன கமென்டை இங்கே எழுத முடியாது. பெரிய அண்டா இரண்டும் கொடுத்துவிடலாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், பித்தளைக் காசில் பையனுக்கு வெள்ளி அரைஞாண் வாங்க வேண்டும் என்று நிபந்தனை. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரு பக்கம் இறக்கிக்கொண்டே இருக்கும்போது இன்னொரு பக்கம் வந்துகொண்டே இருக்கிறது. போன வாரம் ஒரு நிச்சயதார்த்தம், தாம்பூலப் பையில் எவர்சில்வர் டப்பா. வீட்டுக்காரர் பாத்திரச் சீட்டு ஒன்று கட்டுகிறார், தீபாவளிக்கு முடிகிறது. பையன் பிறந்தநாள் வேறு வருகிறது. இதை எப்படி நிறுத்துவது?

இருபதாம் வளைவு சார், ஜீன்ஸ் விஷயத்தைப் படித்துவிட்டு வீட்டுக்காரர் சிரித்தார், ஆனால் கொடுக்க மாட்டாராம்.

—

கொலுசுப் பட்டறை எழுதியது:

சிவதாபுரம் பக்கம் வீட்டோடு பட்டறை எங்களுக்கு, வெள்ளிக் கொலுசு வேலை. குகைப்பொண்ணு கேட்டதுதான் சரியான கேள்வி. எல்லாரும் வெளியே போடுவதைப் பற்றியே பேசுகிறார்கள், உள்ளே வருவதைப் பற்றிப் பேசுவதில்லை.

எங்கள் தொழிலில் வெள்ளி எடை போட்டு உள்ளே வரும், எடை போட்டு வெளியே போகும். சேதாரத்துக்குக்கூடக் கணக்கு உண்டு. தரையைக் கூட்டின மண்ணைக்கூடக் கொட்ட மாட்டோம், சேர்த்து வைத்து உருக்கக் கொடுப்போம். ஒரு கிராம் எங்கே போனது என்று ராத்திரியில் தேடுகிற அதே வீட்டில், மாதம் எத்தனை பிளாஸ்டிக் டப்பா உள்ளே வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. இது எனக்கு உறைத்த பிறகு எங்கள் வீட்டில் வாசலில் ஒரு நோட்டு தொங்குகிறது. சாப்பாட்டுச் சாமான் தவிர எது உள்ளே வந்தாலும் யார் கொண்டு வந்தார்களோ அவர்களே எழுத வேண்டும். வேறு சட்டம் எதுவும் கிடையாது, வாங்காதே என்று யாரும் யாரையும் சொல்வதில்லை. என் தம்பி ஆன்லைனில் வாங்குவது பாதியாகிவிட்டது, எழுதச் சோம்பல்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

பாத்திரச் சீட்டை நடுவில் உடைத்தால் நஷ்டம், முடியட்டும். முடிவில் பாத்திரத்துக்குப் பதில் வேறு ஏதாவது எடுக்க முடியுமா என்று இப்போதே கேளுங்கள், சில இடங்களில் மளிகையாகவோ எண்ணெயாகவோ மாற்றித் தருவார்கள். அடுத்த வருஷம் கட்டாதீர்கள். அந்த மாதத் தொகையைத் தபால் ஆபீஸ் ஆர்டியில் போட்டால் காசு காசாகவே இருக்கும், அட்டாலி ஏறாது.

ஆடித் தள்ளுபடி பற்றி என் அம்மா சொல்வது: கடைக்குப் போகிறதற்கு முன்னாடி என்ன வேணும்னு தெரியலைன்னா ஆடி முடிஞ்சு ஆவணியில போ. விலை கூட இருந்தாலும் வாங்கும் எண்ணிக்கை குறைவதால் மொத்தச் செலவு குறைந்துவிடுகிறது, எங்கள் வீட்டில் இது நடந்தது.

விசேஷ வீட்டுத் தாம்பூலப் பையை வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. வெற்றிலை பாக்கு தேங்காயை எடுத்துக்கொண்டு டப்பாவை அன்றைக்கே வேலைக்கு வரும் அக்காவுக்கோ எதிர் வீட்டுக்கோ கொடுத்துவிடுங்கள், ஒரு ராத்திரி தங்கினால் அது உங்கள் வீட்டுப் பொருளாகிவிடும். உங்கள் மூட்டையில் இருக்கும் பைகளுக்குச் சூரமங்கலம் உழவர் சந்தையில் நல்ல தேவை இருக்கிறது. 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, காய்கறிக்காரர்கள் துணிப்பையைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள், பை மறந்து வருகிறவர்களுக்குக் கொடுக்க ஆகும். உங்களுக்கு மூன்று நான்கு வைத்துக்கொள்ளுங்கள். மணமக்கள் பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

பையன் பிறந்தநாளுக்குப் பொம்மை வேண்டாம் என்று பெரியவர்களிடம் பொதுவாகச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அதற்குப் பதில் ஒரு பொருளைக் குறிப்பாகச் சொல்லுங்கள். "சைக்கிள் வாங்கலாம்னு இருக்கோம், முடிஞ்சதை அதுக்குக் கொடுங்க" என்றால் எல்லாரும் கவரில் வைத்துவிடுவார்கள். இருக்கிற பொம்மையில் பாதியை ஒரு பெட்டியில் போட்டு மேலே வைத்துவிட்டுக் கொஞ்ச நாள் கழித்து மாற்றிக் கொடுங்கள். எதைக் கேட்டு அழவே இல்லையோ அதை அங்கன்வாடிக்கோ பால்வாடிக் குழந்தை இருக்கிற வீட்டுக்கோ கொடுத்துவிடலாம், அவனைக் கேட்டுவிட்டுத்தான்.

வெள்ளி அரைஞாண் வாங்கும்போது எடையும் செய்கூலியும் தனித்தனியாக எழுதின பில் கேட்டு வாங்குங்கள். இது விளம்பரம் இல்லை.

—

ஃபைல் மாமா எழுதியது:

ரிட்டயர்டு ஆள், அரசு அலுவலகத்தில் ரெக்கார்டு அறையில் காலம் தள்ளியவன். செருப்புப் பெட்டி பில்கள் என் பங்கு.

எரிக்க மட்டும் வேண்டாம். தை மாற்றம் என்கிறீர்கள், நடுவில் போகி வருகிறது, பழசு எல்லாவற்றையும் வாசலில் போட்டுக் கொளுத்தலாம் என்று யாராவது கிளம்புவார்கள். டயர், பிளாஸ்டிக் கொளுத்தாதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் கேட்டுக்கொள்கிறது. அது ஒரு பக்கம், அந்த நெருப்பில் மூலப் பத்திரத்தைப் போட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அசல் காகிதமாகவே இருக்க வேண்டியவை: கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், உயில், பிறப்பு இறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, கடன் அடைத்த பிறகு வங்கி கொடுக்கும் கடிதம். இவையெல்லாம் ஒரே ஒரு ஃபைலில் அடங்கும், இதை வீடு மாறும் அன்று லாரியில் ஏற்றாமல் கையில் எடுத்துப் போங்கள். வில்லங்கச் சான்று, பட்டா நகல் எல்லாம் இப்போது ஆன்லைனில் திரும்ப எடுக்கலாம், பழைய நகல் கட்டுக்கட்டாகத் தேவையில்லை. ஓட்டுநர் உரிமம், வண்டி ஆர்சி எல்லாம் அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் வந்துவிடும், 2015இலிருந்து டிஜிலாக்கர் இருக்கிறது. அசலைத் தூக்கிப் போடலாம் என்று அர்த்தமில்லை, ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸ் சேர்க்க வேண்டாம் என்று அர்த்தம்.

கடை பில் பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் பளபளப்புக் காகிதம். சேலத்து வெயிலில் ஒரு வருஷத்தில் எழுத்தே மறைந்து வெறும் மஞ்சள் சீட்டாகிவிடும். வாரன்டி இருக்கும் பொருளுக்கு வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். மாமனார் காலத்து கரன்ட் பில் எதற்கு? கடைசியாகக் கட்டினது போதும், இணைப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்பதால் புது ஒப்பந்தமும் அட்வான்ஸ் கொடுத்ததற்கான ரசீதும் அந்த முதல் ஃபைலில் சேரட்டும்.

டிவிக்கு வருகிறேன். அந்தக் காலத்துக் குழாய் டிவியை அட்டாலியிலிருந்து ஒரு ஆளாக இறக்காதீர்கள், முன்பக்கம்தான் கனம், கவிழும். அதன் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது, அதனால் உடைத்துச் செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை ஓடையில் போடுகிற ஆளிடம் கொடுக்க வேண்டாம். மின்னணுக் கழிவுக்கென்று பதிவு செய்த மறுசுழற்சிக்காரர்கள் இருக்கிறார்கள், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி இந்தப் பொறுப்பு தயாரிக்கிற நிறுவனங்களுக்கும் உண்டு. புது டிவியோ ஃபிரிட்ஜோ வாங்குகிற அன்று கடையிலேயே கேளுங்கள். பழைய செல்போனில் பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அமுக்கவோ கூடாது, தனியாக வைத்து அந்த மறுசுழற்சிக்காரர்களிடமே கொடுங்கள். கொடுப்பதற்கு முன் போனில் உள்ளதை அழித்துவிட்டு சிம் எடுத்தீர்களா என்று பாருங்கள்.

—

குகைப்பொண்ணு எழுதியது:

மாமா, மூலப் பத்திரம் கிடைத்தது, எண்ணெய்க் கடை காலண்டருக்கு நடுவில். நன்றி.

கடைசியாக ஒன்று. கொலுப் பொம்மைப் பெட்டிகள். அத்தை வருஷம் தவறாமல் வைக்கிறார்கள், புது வீட்டு ஹாலில் ஒன்பது படிக்கு வழியே இல்லை. நோட்டுத் தொங்கவிடும் யோசனை வீட்டுக்காரருக்குப் பிடித்திருக்கிறது, முதல் வரி அவர் வாங்கின புளூடூத் ஸ்பீக்கர்.

—

செவ்வாய்ப்பேட்டை அக்கா எழுதியது:

கொலுவுக்கு மூன்று படி, ஐந்து படி வைக்கிறவர்களும் உண்டு. ஒற்றைப்படையாக இருந்தால் போதும் என்று அத்தைக்கே தெரியும். படிக்கு மரப்பலகை வாங்காதே, துணி வைக்கும் டிரங்குப் பெட்டியை வரிசையாக வைத்து மேலே வேட்டி விரித்தால் படி ஆகிவிடும், எங்கள் தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான். மரப்பாச்சி, தசாவதாரம் மாதிரி செட்டாக இருப்பதைப் பிரிக்காதே. தனித்தனியாக வாங்கின பொம்மைகளை இந்த வருஷம் வெற்றிலை பாக்கு வாங்க வரும் பெண் குழந்தைகளுக்கு ஆளுக்கொன்றாக அத்தை கையாலேயே கொடுக்கச் சொல். மண் பொம்மையைப் பழைய காட்டன் துணியில் சுற்றி, பெட்டியில் எழுதி, வண்டியில் சாமான் எல்லாம் ஏற்றின பிறகு கடைசியாக மேலே வை. அப்புறம், அந்தப் பித்தளை விற்கப் போகும்போது என்னையும் கூப்பிடு, எங்கள் வீட்டிலும் ஒரு குண்டான் பாக்கி இருக்கிறது.